கலைத்தும் கலையாத மன்றம்

கேள்வி: வருஷக்கணக்காக நடந்த ரசிகர் மன்றத்துக்கு விடைகொடுப்பது அவ்வளவு சுலபமா?

பதில்: அஜித்தைக் கேளுங்கள். 2011-இல், தன் 40-வது பிறந்தநாளை ஒட்டி மன்றங்களைக் கலைப்பதாக அறிக்கை விட்டார். லெட்டர்பேடும் ரப்பர் ஸ்டாம்பும் பரணுக்குப் போயின. ஆட்கள் போகவில்லை! அதே வருஷம் அவருடைய 50-வது படமான ‘மங்காத்தா’வுக்குத் தியேட்டர் வாசலில் ஆஜர். 2021-இல் ‘தல’ என்று கூப்பிடாதீர்கள் என்றார். 2024-இல் ‘கடவுளே’ கோஷமும் வேண்டாம் என்றார். மனுஷன் கும்பிட்டுக் கும்பிட்டு வழியனுப்புகிறார். இவர்களோ செருப்பைத் தேடுகிற பாவனையில் வாசலிலேயே நிற்கிறார்கள்.

எங்கள் தெருமுனை மன்றத்தின் தகரப் பலகை இப்போது இட்லிக்கடை அடுப்புக்குக் காற்றுத் தடுப்பு. எழுத்தெல்லாம் உரிந்துபோச்சு. கூலிங்கிளாஸ் மட்டும் அப்படியே இருக்கிறது; கடைக்கார அக்கா தினமும் துடைக்கிறார்.