கக்கூஸ் கணக்கு

வா தம்பி, திண்ணையில உக்காரு. கையில என்ன, டேப்லட்டா? நானும் ரெண்டு வேளை போடுறேன், சுகருக்கு.

'வீட்டுல கழிப்பறை இருக்கா?'ன்னுதானே கேட்டே? இருக்கு. டிக் அடிச்சுக்கோ. உள்ளே என்ன இருக்குன்னு நீ கேக்கல, நான் எதுக்குச் சொல்லணும்? மழைக்கு வரட்டி நனையாம இருக்க அதைவிட்டா வேற இடம் கிடையாது.

உள்ளேயிருந்து முறைக்கிறாளே, அவ என் பேத்தி. சமூகவியல் படிக்கிறா. அவதான் சொன்னா: 2014 வாக்குல பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், அரியானான்னு சில பேர் ஊரூராப் போனாங்களாம். 'இருக்கா'ன்னு கேட்டதோட எந்திரிக்காம, வீட்டுல ஒவ்வொரு ஆளும் எங்கே போறாங்கன்னு கேட்டிருக்காங்க. கழிப்பறை நல்லா இருக்கிற வீடுகள்லயே 100-க்கு 40-க்கு மேல, யாராவது ஒருத்தர் வெளியதான் போறாராம்! ஏன்னு உக்காந்து பேசினப்பத்தான் விஷயம் வந்துச்சு. குழி ரொம்பினா யாரு அள்றது? அங்கே சாதி குந்தியிருக்கு தம்பி. சர்க்கார் என்னடான்னா செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் காசு கொடுத்துக்கிட்டிருந்துச்சு.

போன மாசம் பருப்பு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவா? எனக்கு நேத்து என்ன குழம்புன்னே ஞாபகம் இல்ல. தேசிய மாதிரிக் கணக்கெடுப்புக்காரங்களும் 30 நாள் கணக்கைத்தான் கேட்டுக்கிட்டிருந்தாங்க. தொண்ணூறுகள்ல சில வீட்டுல சாப்பாட்டுச் செலவை 7 நாளைக்குக் கேட்டுப் பாத்தாங்க. ஒரு வாரம்னா மறக்காதுல்ல, செலவு கூடுதலா வந்துச்சு. அந்தக் கணக்குல நாட்டுல ஏழைங்க கிட்டத்தட்டப் பாதியாக் குறைஞ்சுட்டாங்க. எவன் வீட்டுப் பானையிலயும் ஒரு பிடி அரிசி கூடல! 1999-2000ல இன்னும் கூத்து. ரெண்டையும் ஒரே தாள்ல பக்கத்துப் பக்கத்துல கேட்டு வச்சாங்க. ஜனம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போற மாதிரி பதில் சொல்லிருச்சுன்னு, அந்த வறுமைக் கணக்கை வச்சுப் படிச்சவங்க வருஷக்கணக்கா மல்லுக்கட்டினாங்க.

1916-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி ஸ்லேட்டர் துரை கெட்டிக்காரரு. படிக்கிற பசங்களை அவனவன் சொந்த ஊருக்கே கணக்கெடுக்க அனுப்பினாரு. மாமன் மச்சான்கிட்ட எவ்வளவுதான் புளுக முடியும்? அதுல ஒண்ணு நம்ம விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டு. 2008 வரைக்கும் ஆளுங்க திரும்பத் திரும்பப் போய்க் கேட்டிருக்காங்க. நீ பத்து நிமிஷத்துல அடுத்த தெருவுக்கு ஓடணுங்கிறே.

சரி, மோரைக் குடி. அடுத்து என்ன, குடும்ப வருமானமா? இரு இரு. இந்தக் கணக்கு யாருகிட்டப் போகுது? ரேஷன் கார்டை வெட்டுறவங்ககிட்டயா, லோன் கொடுக்கிற பேங்குகிட்டயா? அதை மொதல்ல சொல்லு, அதுக்கேத்த வருமானமாச் சொல்றேன்.