புளியங்கொட்டைக்கு வந்த யோகம்

எழுபதுகளில் அல்சூரில் நான் படித்த பள்ளியில் புளியங்கொட்டை வைத்திருந்தால் குற்றம். டவுசர் பாக்கெட்டிலிருந்து ஒன்று உருண்டு விழுந்தாலும் போதும், வாத்தியார் மொத்தத்தையும் பிடுங்கி ஜன்னல் வழியே வீசுவார். இப்போது எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் என் பேத்தி போகும் கணக்கு வகுப்பில் அதே கொட்டை பளபளவென்று துணிப்பையில் வருகிறது. கற்றல் உபகரணமாம். கட்டணம் தனி.

அன்று கணக்கு என்றால் வாய்ப்பாடு. பதினாறாம் வாய்ப்பாட்டில் திக்கினால் முட்டியில் அடி. கணக்கில் சேராதவை என்று பள்ளி ஒதுக்கியதெல்லாம் தெருவில் நடந்தன. 1957-இல் அணா போய் நயா பைசா வந்தும் பாட்டி அணாவை விடவில்லை. கீரைக்கட்டு ரெண்டணா என்றால் பன்னிரண்டரை பைசா. அந்த அரைப் பைசாவுக்கு நாணயம் கிடையாது. அதை யார் விட்டுக்கொடுப்பது என்று பாட்டிக்கும் கீரைக்காரம்மாவுக்கும் வாசலில் பஞ்சாயத்து நடக்கும். "ரெண்டு கட்டு எடுத்துக்கோங்கம்மா, இருபத்தஞ்சா போயிடும்" என்பார் அந்தம்மா. பின்னமும் வியாபாரமும் ஒரே வாக்கியத்தில்! சோமேஸ்வரர் கோயில் பக்கம் பூ விற்றவருக்குக் கை குட்டை. அம்மா தன் முழங்கையை நீட்டி, "இதுல அளந்து போடு" என்பாள். இன்று இதற்குப் பாடப்புத்தகத்தில் படம் போட்டு ஓர் அத்தியாயம்.

பள்ளியில் சீட்டாட்டம் புளியங்கொட்டையைவிடப் பெரிய பாவம். ஆனால் இதே பெங்களூரில் 1929-இல் பிறந்த சகுந்தலா தேவியின் கணக்குத் திறமை, சர்க்கஸ் கலைஞரான அப்பாவோடு சீட்டு விளையாடும்போதுதான் வெளிப்பட்டது. முறையான பள்ளிப்படிப்பு கிடையாது. 1980-இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் இரண்டு பதின்மூன்று இலக்க எண்களை 28 விநாடியில் பெருக்கிச் சொன்னார். எங்கள் வாத்தியாரிடம் படித்திருந்தால் சீட்டுக்கட்டோடு வெளியே நின்றிருப்பார்.

பழசெல்லாம் பொன் என்று சொல்ல வரவில்லை. மளிகைக்கடையில் அப்பாவுக்கு உதவியாக நின்று, பென்சில் எடுக்காமலே பாக்கி எண்ணிக் கொடுத்த பையன்கள் என் வகுப்பிலேயே கணக்கில் முட்டை வாங்கினார்கள். கடையில் போட்டதும் கணக்குதான் என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. 2025-இல் 'நேச்சர்' இதழில் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோரின் ஆய்வு ஒன்று வந்தது. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனதிலேயே போடுகிறார்கள். அதையே பள்ளிக் கணக்காகக் கொடுத்தால் தடுமாறுகிறார்கள். பள்ளிக்கூடமே கதியென்று இருக்கும் பிள்ளைகளுக்கோ சந்தைக் கணக்கு வரவில்லை.

இந்த இரண்டையும் ஒட்டவைக்கத்தான் இப்போது ஊரெல்லாம் பாடுபடுகிறது. பெங்களூரில் 2000-இல் தொடங்கிய அக்ஷரா அறக்கட்டளை, 'கணித கலிகா ஆந்தோலனா' திட்டம் மூலம் கர்நாடக அரசுப் பள்ளிகளுக்குக் கணிதப் பெட்டி கொண்டுபோனது. மணிச்சட்டம், பின்னத் துண்டுகள், விளையாட்டு ரூபாய் நோட்டுகள் எல்லாம் அதில் உண்டு. கிராமப் பஞ்சாயத்து அளவில் கணக்குப் போட்டியும் வைக்கிறார்கள். பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் படிக்கிறார்கள். முட்டியில் அடி விழுவதில்லை. இது ஒன்றுக்காகவே நான் புதுக்காலத்தின் கட்சி.

போன மாதம் பேத்திக்குப் புராஜெக்ட்: நூறு ரூபாய் எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மூன்று பொருள் வாங்கி, மீதியை எண்ணி எழுத வேண்டும். எங்கள் அபார்ட்மென்டில் கொத்தமல்லிகூடப் பத்து நிமிஷத்தில் வாசலுக்கு வந்துவிடும் என்பதால், கையில் தாள் நோட்டு இருக்கும் ஆளைத் தேடியதில் தாத்தா அகப்பட்டேன். சோப்பு, தீப்பெட்டி, பிஸ்கட். தொண்ணூற்று மூன்று ரூபாய்.

"சில்லறை இல்ல சார், போன்ல போடுங்க."

"முடியாது, ஹோம்வொர்க்" என்றாள் பேத்தி.

கடைக்காரர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, ஐந்து ரூபாய் நாணயமும் இரண்டு மிட்டாயும் வைத்தார். அவள் மிட்டாயைப் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, மீதி என்ற கட்டத்தில் ஐந்து என்று எழுதினாள். டீச்சர் சிவப்பு மையில் சுழித்து அனுப்பியிருக்கிறார்.