படிக்காமக் கையெழுத்துப் போடு, கண்ணு

கண்ணு, பந்தாட்டக்காரனாத்தான் ஆவேன்னு ஒத்தக்கால்ல நிக்கற. ஆவு சாமி, ஆரு வேண்டாங்கறா? ஆனா ஒண்ணு. நாளைக்கு ஒரு கிளப்புக்காரன் உன்னயக் கூப்புட்டு ஒப்பந்தக் காகிதத்த நீட்டுனா, உக்காந்து படிச்சுக்கிட்டிருக்காத. அதுல ஒண்ணுமே எழுதாம வெறுங்காகிதமா இருந்தா இன்னும் விசேசம். அடியில உன்ற பேர எழுதிப்போட்டு ஆடப் போயிரு. சம்பளம் எத்தனைன்னு அவங்களே சாவகாசமா எழுதிக்குவாங்க. படிச்ச மனுசங்க, கொறைச்சலாவா எழுதிப்போடுவாங்க?

சிரிக்காத. உலகக் கோப்பைய ரெண்டு வாட்டி ஜெயிச்சவன் ஒருத்தன் அப்படித்தான் போட்டுக் குடுத்துக்கிட்டிருந்தான். பிரேசில்காரன். காரிஞ்சான்னு சொல்லுவாங்க, ஒரு சின்னக் குருவியோட பேரு அது. பத்திரத்துல இருக்கற பேரு மனுவேல் பிரான்சிஸ்கோ டோஸ் சான்டோஸ். இதெல்லாம் அப்பாருக்கு எப்படித் தெரியும்னு முழிக்காத. பாதி ராத்திரியில பந்தாட்டம் பாக்கற ரோகம் உனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு நெனச்ச?

1933-ல ரியோவுக்குப் பக்கத்துல பாவ் கிராண்டேங்கற மில் ஊர்ல பொறந்தான். ஊரே மில்லுக்காரனோடது. 14 வயசுல வேலைக்குப் போனான். வேலைன்னா பெருசா ஒண்ணுமில்ல, ஒரு மூலையில படுத்துத் தூங்கறதுதான். ஒரு தடவ கணக்கு முடிச்சு அனுப்பிச்சும் போட்டாங்க. அப்பறம் மில் டீமுக்கு ஆளு வேணுமேன்னு திருப்பிக் கூப்புட்டுக்கிட்டாங்க. நம்மூர் மில்லுல முப்பது வருசம் முழிச்சுக்கிட்டே வேலை பாத்தவன் நானு. எனக்கு ஆரும் இந்த மரியாத பண்ணுல.

காலப் பாத்தா ஆரும் ஆட்டக்காரன்னு சொல்ல மாட்டாங்க. ஒண்ணு உள்ளாற வளைஞ்சிருக்கும், ஒண்ணு வெளிய வளைஞ்சிருக்கும். போதாததுக்கு ஒண்ணு கட்டை. 1953-ல பொட்டாஃபோகோ கிளப்புல ஆடிக் காட்டச் சொன்னாங்க. எதுக்கால நின்னது நில்ட்டன் சான்டோஸ், தேசிய டீம் ஆளு, கெட்டிக்காரத் தடுப்பாளர். இந்தக் கோணக்கால்காரன் பந்த அவரு ரெண்டு காலுக்கு நடுவால தட்டிப்போட்டுப் போயிட்டான். அவரு கோவிச்சுக்குல. ‘இவன மொதல்ல எடுத்துப்போடுங்க, இல்லாட்டி எதிர் டீமுல இவன நாந்தான் தடுக்கோணும்’னாரு. புத்தி அப்படி வேல செய்யோணும்.

1958-ல கோப்பைக்குச் சுவீடனுக்குப் போறப்ப பிரேசில்காரங்க ஒரு மனோதத்துவக்காரரையும் கூட்டிட்டுப் போனாங்க, ஜோவாவ் கார்வல்யாயிஸ்னு. அவரு எல்லார்த்துக்கும் பரீட்சை வெச்சாரு. 123-க்குக் காரிஞ்சா வாங்குனது 38. இவன ஆட உடாதீங்கன்னுட்டாரு. அதே கையோட 17 வயசுப் பையன் ஒருத்தனயும், சின்னப்புள்ளத்தனம், இவனும் ஆவ மாட்டான்னுட்டாரு. அந்தப் பையன் பேரு பெலே.

பரீட்சையில கோட்டை உட்டது மட்டுமில்ல, கோப்பை தொடங்கறதுக்கு முன்னாலயே ஒரு ரவுசும் பண்ணியிருந்தான். இத்தாலியில ஃபியோரெண்டினாகூட ஒரு ஆட்டம். தடுக்க வந்தவங்களயெல்லாம் தாண்டி, கோல்கீப்பரையும் தாண்டி, வெறும் கோலுக்கு முன்னால போயி நின்னுக்கிட்டான். பந்த உள்ள தட்டுல. ஒரு தடுப்பாளன் மூச்சு வாங்க ஓடியாறட்டும்னு நின்னு, அவனயும் ஒருக்கா ஏமாத்திப்போட்டு, அப்பறந்தான் கோல் போட்டான். இவன நம்பிக் கோப்பைக்கு ஆடறதான்னு பெரியவங்க மூஞ்சியச் சுளிச்சாங்க. மொத ரெண்டு ஆட்டம் வெளிய உக்காந்திருந்தான். மூணாவது சோவியத்துகூட, கோல்ல லெவ் யாஷின். இவன் எறங்குன ஒரு நிமிசத்துக்குள்ள பந்து கம்பத்துல மோதுச்சு, மூணாவது நிமிசத்துல கூட ஆடுன வவா கோல் போட்டான். இறுதி ஆட்டத்துல சுவீடன் மொதல்ல முந்திக்கிச்சு. இவன் வலது ஓரமா ஓடி ரெண்டு வாட்டி பந்தக் குறுக்கால தள்ள, வவா ரெண்டயும் கோலாக்கிப்போட்டான். 5-2. அந்த 38 மார்க்குப் பேப்பர அன்னிக்கு எந்தப் பெட்டியில ஒளிச்சு வெச்சாங்களோ.

அங்க ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோ வாங்குனானாம். டீமுல மாலீசு பண்றவரு, ‘இது சுவீடிஷ் பாஷை மட்டுந்தாண்டா பேசும், ஊருக்குக் கொண்டுபோயி என்ன பண்ணுவ’ன்னு சொல்லி, அடிமாட்டு வெலைக்கு வாங்கிக்கிட்டாராம். நெசமோ கட்டுக்கதையோ, பிரேசில்காரங்க இன்னிக்கும் அதச் சொல்லிச் சிரிக்கறாங்க. ஒண்ணு கவனிச்சியா கண்ணு? சிரிப்பெல்லாம் ஏமாந்தவனப் பாத்து. ரேடியோவ அமுக்குனவன ஆரும் ஒரு வார்த்த கேக்கறதில்ல.

வெறுங்காகிதக் கதையும் அதே கதைதான். காரிஞ்சா புத்தியில்லாதவன், நம்பிக் கையெழுத்துப் போட்டான்னு சொல்லிச் சிரிப்பாங்க. சரி, படிச்சுப் பாத்துப் போட்டவன் என்னத்தக் கண்டான்? அந்தக் காலத்துல அங்க ‘பாசே’ன்னு ஒரு ஏற்பாடு. ஒப்பந்தம் முடிஞ்சாலும் ஆட்டக்காரனோட உரிமை கிளப்புக்கிட்டத்தான். கிளப்பு உடாம வேற எடத்துக்குப் போயி ஆட முடியாது. மாட்டுச் சந்தையில பாத்திருக்கியல்ல? ரெண்டு பேரு துண்டுக்குள்ள கைய உட்டு வெரலப் புடிச்சு வெல பேசிக்கிட்டிருப்பாங்க, காளை அதும்பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு நிக்கும். அதுக்கு எழுதப் படிக்கத் தெரிஞ்சாத்தான் என்ன? பெலேவே 1990-கள்ல மந்திரியா இருந்தப்பத்தான் இத ஒழிக்கற வேலைய ஆரம்பிச்சாரு. 1998-ல சட்டம் வந்துச்சு. அவரு பேராலதான் அதச் சொல்றாங்க. அதுவரைக்கும் அத்தன படிச்சவங்களுக்கும் இது தப்புன்னு தோணல போல. பெலேவுங்கூட ஏமாந்தவருதான். கூட்டாளிங்கள நம்பித் தொழில்ல காசு உட்டுப்போட்டு, 1975-ல நியூயார்க்குக்கு ஆடப் போனது கடனுக்காவுந்தான். அவர ஆரும் புத்தியில்லாதவருன்னு சொல்றதில்ல. கோட்டுப் போட்டவன் ஏமாந்தா அதுக்குப் பேரு நட்டம்.

1962, சிலி. ரெண்டாவது ஆட்டத்துலயே பெலேவுக்குத் தொடை புடிச்சுக்கிச்சு. கோப்பைய இவன் தலையில வெச்சாங்க. இங்கிலாந்துகூட ரெண்டு கோல், சிலிகூட ரெண்டு கோல். சிலிக்காரன் ஒருத்தன ஒதச்சு வெளிய போனான்; பெரிய மனுசங்க பேசி முடிச்சு, இறுதி ஆட்டத்துக்கு ஆட உட்டாங்க. காச்சலோட ஆடி ஜெயிச்சுக் குடுத்தான். இங்கிலாந்து ஆட்டத்துல களத்துக்குள்ள பூந்த நாயி ஒண்ணு காரிஞ்சாவுக்கே டேக்கா குடுத்துது. ஜிம்மி கிரீவ்ஸ் மண்டி போட்டுப் புடிச்சாரு, அது அவரு சட்டை மேலயே ஒண்ணுக்கு உட்டுது. கடைசியில அந்த நாயி காரிஞ்சா ஊடு போயிச் சேந்துது. ரியோ கவர்னரு என்ன வேணும்னு கேட்டதுக்கு உங்க மைனாவக் குடுங்கன்னு வாங்கிக்கிட்டான்னும் சொல்லுவாங்க. நாயி ஒண்ணு, மைனா ஒண்ணு. கணக்குச் சரியாப் போச்சு.

முட்டி தேஞ்சுக்கிட்டே வந்துச்சு. கிளப்பு வெளிதேசம் போயி ஆடிச் சம்பாரிக்கோணும். கூப்புடறவன் காரிஞ்சா வந்தா ஒரு வெல, வராட்டி ஒரு வெலம்பான். அதனால ஊசியப் போட்டு ஆட உட்டாங்க. 1964-ல அறுவை நடந்துச்சு, பழைய ஆட்டம் திரும்பல. 1966 கோப்பையில பல்கேரியாகூட ஒரு கோல், ஹங்கேரிகூடத் தோல்வி. தேசிய டீமுக்கு ஆடி இவன் தோத்தது அந்த ஒண்ணே ஒண்ணு, கடைசி ஆட்டமும் அதுதான்.

ஊட்டு விசயமும் கேக்கற. மில்லுல கூட வேல பாத்தவளக் கட்டி எட்டுப் பொண்ணுங்க. எட்டயும் உட்டுப்போட்டு எல்சா சோவாரெஸ்ங்கற பாட்டுக்காரியோட போயிட்டான். ஊரே அவளத்தான் தூத்துச்சு, ஊட்டு மேல கல்லெறிஞ்சாங்க. அவனச் சம்பாரிச்சுக் காப்பாத்துனதும் அவதான். 1969-ல இவன் ஓட்டிட்டு வந்த கார் லாரியில மோதி அவளப் பெத்தவ செத்துப்போனா. குடிச்சுப்போட்டு அவளயும் அடிச்சிருக்கான். இந்த எடத்துல அப்பாருக்கு நையாண்டி வராது. கிளப்புக்காரன் ஏமாத்துனான்னா அதுக்குக் கிளப்பக் கேக்கலாம். கை ஓங்குனது இவன் கை. 1977-ல அவ பிரிஞ்சுட்டா. சரியாத்தான் பண்ணுனா.

1973 டிசம்பர்ல மரக்கானா மைதானத்துல வழியனுப்பற ஆட்டம் வெச்சாங்க. ஒண்ணேகால் லட்சத்துக்கு மேல சனம். குடி உடல. 1983 ஜனவரி 20-ல ஈரல் கெட்டுப் போய்ச் சேந்தான், வயசு 49. தீயணைப்பு வண்டியில வெச்சு ஊருக்குக் கொண்டுபோனாங்க, வழி நெடுக சனம். சனத்தோட சந்தோசம்னு பட்டம் குடுத்திருந்தாங்க. பட்டத்துக்குக் காசு ஆவாதுல்ல, தாராளமாக் குடுக்கலாம்.

அப்பறம் என்ன, தலைநகரம் பிரசீலியாவுல மைதானத்துக்கு இவன் பேரு. 2014 கோப்பைக்காக அத இடிச்சுப் புதுசாக் கட்டுனாங்க. சுமார் 60 கோடி ரெயால்னு போட்ட கணக்கு, 150 கோடியத் தாண்டுச்சு. 2017-ல போலீசு வந்து, கணக்க ஊத வெச்சிருக்காங்கன்னு சந்தேகத்துல ரெண்டு முன்னாள் கவர்னருகளப் புடிச்சுட்டுப் போச்சு. ரெண்டு பேரும் எழுதப் படிக்க நல்லாத் தெரிஞ்சவங்க. 38 மார்க்குக்காரன் பேர வெச்சுக்கிட்டு வெறுங்காகிதத்துல எத்தன பூச்சியம் வேணும்னாலும் சேத்திக்கலாம்னு அவங்களுக்கு ஆரு சொல்லிக் குடுத்தாங்கன்னுதான் எனக்கு இன்னும் புரியல.