களிறுதரு மனு: எல்லையோரப் பரண் தேர்வு குறித்து ஓர் ஆய்வு

அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போகிறவர்கள் முதுகில் ஒரு மடக்குப் பரணைச் சுமந்துகொண்டு போகிறார்கள். அலுமினியச் சட்டம், நைலான் பட்டை, உட்கார மெத்தை, தூக்கத்தில் விழாமலிருக்கத் தோள்கச்சை. பொதுக் காட்டில் விட்டுவந்த பரண் மறுநாள் அங்கே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஆகவே கையோடு கொண்டுபோய்க் கையோடு கழற்றி வருவதே உத்தமம். பெரும்பாலானவை 300 பவுண்டு, நம் கணக்கில் 136 கிலோ தாங்கும். இக்கருவி கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி எல்லைக்குப் பொருந்துமா என்பது இவ்வாய்வின் முதல் வினா.

விடை 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. அவ்வளவு காலம் உட்கார அரசே இடம் தருவதால் சொந்தச் செலவில் பரண் வாங்குவது வீண். காட்டுப்பன்றிக்கு மட்டும் கேரளத்தில் ஒரு வழி உண்டு. பயிரை அழிக்கும் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் 2022-இல் உள்ளாட்சித் தலைவர்கள் கைக்கு வந்தது. சுடுகிறவரிடம் உரிமம் பெற்ற துப்பாக்கி இருக்க வேண்டும். தலைவர் கையெழுத்திடும் வரை பன்றி அதே கிழங்குத் தோட்டத்தில் நிற்க வேண்டும் என்பது சட்டத்தில் எழுதப்படாத நிபந்தனை.

எனவே வேட்டைப் பரணை ஒதுக்கிவிட்டுக் காவல் பரணுக்கு வருவோம். மலையாளத்தில் ஏறுமாடம். மறையூர், காந்தளூர், வட்டவடைக்காரர்கள் பெரும்பாலும் தமிழே பேசுவதால் அங்கே இரண்டு பெயரும் செல்லும்.

அமெரிக்க நூல்களை அப்படியே பின்பற்றும் நம் அறிஞர்கள் ஒன்றைக் கவனிக்கத் தவறுகிறார்கள். அங்கே மனிதன் விலங்கைத் தேடிப் பொதுக் காட்டுக்குப் போகிறான். இங்கே விலங்கு பொதுக் காட்டிலிருந்து மனிதனின் பட்டா நிலத்துக்கு வருகிறது. ஆகவே இங்கே தூக்கிச் செல்லத்தக்கது பரணன்று, யானை. சான்று: அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்துப் பேர் வாங்கிய அரிக்கொம்பன். 2023 ஏப்ரல் 29-இல் சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டு, லாரியில் ஏற்றிப் பெரியாறு புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். மே 27-இல் கம்பம் நகரத் தெருவில் நின்றது. ஜூன் 5-இல் தமிழக வனத்துறை மறுபடி லாரி பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது. அதே ஆண்டு ஜனவரி 22-இல் பாலக்காட்டுத் தோணி என்ற ஊரில் பிடிபட்ட பி.டி. 7 என்ற யானையும் லாரியில்தான் போயிற்று. ஒரே ஆண்டில் இரண்டு யானைகள், மூன்று லாரிப் பயணங்கள். இவ்வளவு பெயர்ச்சி கண்ட பரண் உலகில் எங்கும் இல்லை.

இனி முன்னோர் ஆய்வு. பரண் பற்றிய நம் முதன்மை நூல் கபிலரின் குறிஞ்சிப்பாட்டு. 261 அடி. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவிக்கப் பாடியது என்பார்கள். அவனுக்கு நில உடைமை இருந்ததா, தினை போட்டானா என்பது குறிப்பில் இல்லை. அதில் தலைவியும் தோழியும் மரத்தின்மேல் கட்டிய, புலியும் அஞ்சும் இதணத்தில் ஏறி, தழல், தட்டை, குளிர் என்ற கருவிகளால் கிளி ஓட்டுகிறார்கள். இதுவரை பரண் வேலை செய்கிறது. பிறகு இறங்கி அருவியாடுகிறார்கள். பூப் பறிக்கிறார்கள், 99 வகை. அப்புறம்தான் மதயானை வருகிறது. தினைப்புனத்தில் துரத்தப்பட்டு, கோபத்தோடு. தலைவி நடுங்க, தலைவன் காப்பாற்ற, காதல் முடிந்தது. வள்ளி கதையிலும் இதே நடைமுறை: தினைப்புனம், பரண், கவண், கிழவர், கடைசியில் பிள்ளையார் யானையாக வந்து காரியத்தை முடித்துக் கொடுக்கிறார்.

இலக்கண உரைகாரர்கள் இதற்குக் களிறுதரு புணர்ச்சி என்று துறை வகுத்தார்கள். யானை தருவது புணர்ச்சி. நன்று. ஆனால் இன்று மறையூரில் யானை கரும்புக்குள் இறங்கினால் தருவது என்ன? பட்டா நகல், ஆதார் நகல், சேதப் படம், வனத்துறைக்கு ஒரு விண்ணப்பம். காட்டுவிலங்குச் சேதத்துக்கு இழப்பீடு வழங்கக் கேரளம் 1980-இலேயே விதிகள் வகுத்துவிட்டது. ஆகவே பழைய துறையோடு ‘களிறுதரு மனு’ என்ற புதுத் துறையையும் சேர்க்குமாறு இலக்கணப் புலவர்களை இவ்வாய்வாளர் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்.

மரத் தேர்வுக்கு வருவோம். பெரிய மரமே நல்ல மரம் என்ற எளிய கருத்தை முதலில் மறுக்க வேண்டும். பறம்பிக்குளத்தில் கன்னிமாரா தேக்கு இருக்கிறது. அடிமரச் சுற்றளவு ஏறத்தாழ 7 மீட்டர். ஆட்கள் கைகோத்துத்தான் கட்டிப்பிடிக்க வேண்டும். அதில் பரண் கட்ட யாரும் அனுமதிக்க மாட்டார்கள், அதைச் சுற்றிக் கட்டக் கயிறும் கட்டுப்படியாகாது. பலாமரம் அறவே கூடாது. ஆடி மாதம் பலாப்பழ வாசனைக்கு யானை மைல் கணக்கில் நடந்து வரும். அதன் சாப்பாட்டு மேசையின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு அதை விரட்டுவது முறையல்ல. முருங்கை பேய்க்கே தாங்காது. வேங்கை நல்ல மரம், ஆனால் சங்கப் பாடல்களில் அது பூத்தால் தினை அறுவடை, அறுவடையானால் காவல் முடிவு. முருகனே வேங்கையாக நின்ற கதையும் இருப்பதால், எது வேங்கை மரம், எது மாப்பிள்ளை என்ற ஐயம் வேறு. மாமரத்தில் முசுறு எறும்பு. ஏறி உட்கார்ந்த ஆளை யானை விரட்டுமுன் எறும்பு இறக்கிவிடும்.

உயரம்: ஆண் யானையின் தோள் சுமார் 9 அடி. தும்பிக்கையையும் தூக்கினால் 15 அடிக்குக் குறையாமல் எட்டும். பரண் 20 அடி உயரத்தில் இருப்பது நலம். அதற்கு மேலே போனால் யானை தெரியாது, யானையை விரட்டப் போன மாமாவும் தெரியமாட்டார்.

இனிக் களத்தரவு. இரவு, கரும்புக் காடு, மூங்கில் பரண், மேலே தார்ப்பாய், இரண்டு பேர்.

“மாமா, கரும்பு முறியிற சத்தம் கேக்குது.”

“காத்துடா மாப்ளே. படு.”

“காத்து மெல்லுமா மாமா?”

மாமா எழுந்து தகர டப்பாவைத் தட்டுகிறார். டார்ச் அடிக்கிறார். வெளிச்சத்தில் ஒரு முதுகு, இரண்டு காது. காது ஒருமுறை விசிறி அடங்குகிறது. முறிகிற சத்தம் தொடர்கிறது, முன்னைவிட நிதானமாக. பட்டாசு நனைந்திருக்கிறது. மாமா பேசாமல் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறார். பரணின் தாங்குதிறன் 136 கிலோவா 200 கிலோவா என்பது அந்த நேரத்தில் எழுப்பத்தக்க வினா அல்ல.

வெளியூர் ஆய்வுகள் இதைவிட மேன்மையான பயன்களைக் காட்டுகின்றன. ஜிம் கார்பெட் ருத்ரபிரயாகையின் ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926 மே 2-இல் குலாப்ராய் மாமரத்தின் மேலிருந்து சுட்டார். அதே கார்பெட், 1952 பிப்ரவரியில் கென்யாவின் ட்ரீடாப்ஸ் என்ற அத்திமரப் பரண் விடுதிக்கு வந்த இளவரசி எலிசபெத்தோடு இருந்தார். ஏறும்போது இளவரசி; அன்றிரவே சாண்ட்ரிங்ஹாமில் தந்தை காலமானதால் இறங்கும்போது அரசி. நம் எல்லையில் பரணேறிப் பதவி உயர்ந்தவர் எவரும் இல்லை. பறம்பிக்குளத்தில் மரவீட்டு வாடகை கொடுத்துத் தங்குகிறவர்கள் கூட, வந்த பதவியோடுதான் திரும்புகிறார்கள்.

பரணுக்கு மாற்றும் கண்டாயிற்று. வால்பாறையில் யானைக் கூட்டம் எங்கே நிற்கிறது என்று கைபேசிக்குச் செய்தி வருகிறது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்கு மினுக்குகிறது. இயற்கைப் பாதுகாப்பு நிறுவனம் 2011-இல் தொடங்கிய ஏற்பாடு. தேயிலைத் தொழிலாளர்கள் அதைப் பார்த்து வழி மாறுகிறார்கள். யானையும் அதன் போக்கில் போகிறது. இதில் ஏறவும் வேண்டாம், தகரமும் வேண்டாம்.

ஆனால் கைபேசிக்குச் சிக்னல் வேண்டும். மறையூர்ப் பள்ளத்தில் அது தரையில் கிடைக்காத இடங்கள் உண்டு, உயரத்தில்தான் கிடைக்கும். ஆகவே யானையிடமிருந்து தப்புவதற்கான செய்தியைப் படிக்க மரமேற வேண்டியிருக்கிறது என்பதால், மரம் பற்றிய மேற்கண்ட ஆய்வு முழுவதும் செல்லுபடியாகும். அளவுகோலில் மட்டும் ஒரு திருத்தம்: முசுறு இருந்தாலும் சிக்னல் உள்ள மரமே முதல் தரம். சேதப் படத்தை மேலிருந்து எடுக்க வேண்டாம், இருட்டில் கரும்புக்கும் களத்துக்கும் வித்தியாசம் தெரியாது. விடிந்து, யானை போய்விட்டதை உறுதி செய்துகொண்டு, இறங்கி எடுக்கவும். படத்தில் சர்வே எண் எழுதிய பலகையும் தெரிந்தால் மனு திரும்பி வராது.