டியூட்டியில் இருக்கிற தம்பி

செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் மற்ற பிள்ளைகள் ஊருக்குப் பஸ் ஏறுவார்கள். வீட்டில் காலி சிலிண்டரைக்கூட நகர்த்தாத தம்பி மட்டும் "கான்வகேஷன் டியூட்டி இருக்கு" என்று கத்திரி வெயிலில் கல்லூரியிலேயே தங்கிவிடுவான். (எங்கள் மாடி வீட்டுப் பையனைப் பற்றி நான் எழுதவில்லை. அவன் அம்மா இந்தப் பத்திரிகையை வாங்குகிறார்.)

அங்கியை வாடகைக்குக் கொடுப்பது, டெபாசிட் ரசீது, சாப்பாட்டு டோக்கன் எல்லாம் மாணவிகள் சத்தமில்லாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. தம்பிக்கு அரங்கம்தான் வேண்டும். கழுத்தில் ‘வாலண்டியர்’ அட்டை, கையில் வாக்கி டாக்கி. பத்தடி தள்ளி நிற்கும் நண்பனிடம் அதில்தான் பேசுவான்.

அவனுடைய கலை ஒன்றே ஒன்று: உட்கார்ந்தவரை எழுப்புவது.

மூன்றாவது வரிசையில் உட்காருங்கள். "அங்கிள், இது கெஸ்ட் ரோ." ஐந்துக்குப் போனால், "மெடல் வாங்குறவங்க பேரன்ட்ஸ் அங்கிள்." எட்டில் பத்திரிகைக்காரர்கள். பத்தில் பேராசிரியர்களின் குடும்பம். பன்னிரண்டில் காரணம் எதுவும் இல்லை. "கொஞ்சம் எழுந்திரிங்க, கேட்டுச் சொல்றேன்" என்று போனவன் திரும்பி வருவதில்லை. எழுந்தவர் நின்றபடியே இருப்பார், மரியாதைக்காரர்.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும், 55 வினாடியில் பாட வேண்டும் என்று 2021 டிசம்பரில் அரசாணை வந்தது. அந்த 55 வினாடியும் தம்பி அசையக் கூடாது என்பதால் சபைக்கு நிம்மதி. பாட்டு முடிந்ததோ இல்லையோ, "அந்த வரிசை மட்டும் உட்காராதீங்க!" எழுப்புகிற சிரமம் மிச்சம்.

அங்கிக்கும் ஒரு கதை உண்டு. 2010இல் போபாலில் நடந்த ஒரு பட்டமளிப்பு விழாவில் அப்போதைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ், அங்கியைக் காலனிக் காலத்து எச்சம் என்று சாடி மேடையிலேயே கழற்றினார். நம் தம்பி அங்கே இருந்திருந்தால், "சார், டெபாசிட் போயிடும்" என்று ஓடியிருப்பான்.

மத்தியானம் தம்பியைப் பார்த்தால் பாவமாக இருக்கும். காலை ஆறு மணியிலிருந்து நின்ற கால். ஆறிப்போன சாம்பார் சாதப் பொட்டலம். கூலி, ஒரு சான்றிதழ். யாரோ திருப்பிக் கொடுத்த அங்கியை மாட்டிக்கொண்டு, காலி மேடையில் செல்ஃபி எடுத்து அம்மாவுக்கு அனுப்புவான். அம்மாவுக்கு அவனுடைய அரியர் கணக்கு தெரியாது.

ஆனாலும் கேட்கத்தான் வேண்டும். வெள்ளைத் துணி போர்த்திய அந்த முதல் மூன்று வரிசையில் யார் உட்கார்ந்தார்கள்? பாதி நாற்காலி கடைசிவரை காலி. வந்த விருந்தினரும் மெடல்களைக் கொடுத்துவிட்டுக் கார் ஏறிவிட்டார். முதல் பஸ் பிடித்து வந்த அப்பா, வீட்டின் முதல் பட்டதாரியைப் பக்கத்துக் கட்டடத்துத் திரையில் பார்த்தார். மகளின் பெயரைக் கூப்பிடும்போது படம் உறைந்துபோனது. பாஸ் அச்சடித்தவர்கள், வரிசை பிரித்தவர்கள் எல்லாம் ஏசி அறையில். வசவு வாங்குவதற்கு மட்டும் இருபது வயதுப் பையன். பெற்றவர்களைப் பின்னால் தள்ளிவிட்டு யாருக்காக இந்த விழா?

இந்த வருடம் ஒரு பாட்டி நேராகப் போய் முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாட்டி, இது பெரிய அதிகாரிக்கு."

"அவரு வரட்டும், எழுந்துக்கிறேன். எம் பேத்தி பேரக் கூப்பிட்டாச்சாய்யா?"

தம்பி அப்படியும் இப்படியும் பார்த்தான். தன் தண்ணீர் பாட்டிலை அவர் கையில் கொடுத்தான். பிறகு வாக்கி டாக்கியை வாயருகே கொண்டுபோனான்:

"ஏ ரோ, நாலாவது சீட். கெஸ்ட் வந்தாச்சு. ஓவர்."