காகிதத்துக்கு ஒரு சல்யூட்

நெப்போலியனின் ராணுவ அதிகாரிகளை எத்தனை புகழ்ந்தாலும் தகும். 1812 அக்டோபர் 23 விடியற்காலையில் பாரிஸில் அவர்கள் காட்டிய கீழ்ப்படிதலுக்கு ஈடே கிடையாது.

மாலே என்றொரு ஜெனரல். 1808லேயே சதி செய்து சிக்கியவர். அப்படிப்பட்டவரைச் சிறையில் வாடவிடாமல் மருத்துவ விடுதிக்கு மாற்றி வைத்திருந்த அரசின் கருணையை என்னென்பது! அவர் இரவோடிரவாகத் தப்பி, சீருடை மாட்டிக்கொண்டு, போப்பேங்கூர் படைக்கொட்டடியில் போய் நின்றார். பேரரசர் மாஸ்கோ அருகே அக்டோபர் 7 அன்று மாண்டார் என்று செனட் பெயரில் ஜோடித்த காகிதம் கையில்.

அங்கிருந்த படையின் தலைவர் சுலியே காய்ச்சலில் படுத்திருந்தார். ஆனாலும் கடமை தவறவில்லை. ஆள் அனுப்பி விசாரிப்பது பெரியவர்களைச் சந்தேகிப்பதாகாதா? அதோடு, காகிதத்தில் அவருக்குப் பதவி உயர்வும் இருந்தது. பதவி உயர்வு தரும் காகிதம் பொய் சொல்லுமா? படையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்.

லா ஃபோர்ஸ் சிறைக்காரர்களும் சளைத்தவர்களல்ல. காகிதத்தைக் கண்டதும் லாவோரி, கிதால் என்ற இரு ஜெனரல்களை வெளியே விட்டார்கள். அவர்கள் நேரே போய்ப் போலீஸ் மந்திரி சவாரியைப் பிடித்தார்கள். ஊரார் குசுகுசுப்பையெல்லாம் கேட்ட காது அவருடையது. தன் வீட்டுக் கதவு உடைபடும்வரை சற்று அயர்ந்திருந்தது, அவ்வளவுதான். பெயருக்கேற்றபடி அன்று ஒரு சவாரி வாய்த்தது, லா ஃபோர்ஸ் வரைக்கும். போலீஸ் தலைவர் பாஸ்கியேயும் துணைக்கு வந்துசேர்ந்தார். நகர மண்டபத்தில் ஆட்சியர் ஃப்ரொஷோ, வரப்போகும் புது அரசுக்கு மேசை நாற்காலி போடச் சொல்லிவிட்டார். அதுவல்லவா விருந்தோம்பல்!

கண்பட்டாற்போல் ஒரே குறை, பாரிஸ் தளபதி யூலேன். உத்தரவைக் காட்டு என்று மாலேயிடமே கேட்டாராம்! தாடையில் குண்டு கிடைத்தது. அவருடைய தலைமையகத்து அதிகாரிகளுக்கும் அதே கெட்ட பழக்கம்: மாலேயின் முகத்தைப் பார்த்தார்கள், ஆளைத் தெரிந்துகொண்டார்கள், கட்டிப்போட்டார்கள்.

பேரரசர் போனால் பட்டம் அவர் மகன் ரோம் அரசனுக்கு. அன்று 19 மாதக் குழந்தை. அந்தப் பிள்ளையின் நினைவு ஒருவருக்கும் வரவில்லை. குழந்தையின் தூக்கம் கெடக்கூடாதே என்ற பரிவாகத்தான் இருக்கும். ருஷ்யப் பனியில் செய்தி கேட்ட தகப்பனாருக்குத்தான் அந்தப் பரிவு பிடிபடவில்லை.

நீதிக்கும் அதே சுறுசுறுப்பு. 28ஆம் தேதி விசாரணை. மறுநாள் கிரெனெல் மைதானத்தில் 12 பேரைச் சுட்டார்கள். காய்ச்சலோடு கீழ்ப்படிந்த சுலியேயும் அதில் ஒருவர். சவாரி மட்டும் 1814 வரை அதே பதவியில் இருந்தார். சிறையை உள்ளேயிருந்தும் பார்த்த போலீஸ் மந்திரி லேசில் கிடைப்பாரா?