இப்போது பேச முடியாது

இரவு பதினொன்றரைக்கு மேல், தம்பி என்று நாங்கள் கூப்பிடுகிற என் மருமகனிடம் எதுவும் கேட்கக் கூடாது. வீடு தீப்பற்றினாலும் அணைக்க வரமாட்டார்; அவர் காக்கிற நெருப்பு வேறு. போனில் டுவோலிங்கோவின் பச்சை ஆந்தைக்குப் பக்கத்தில் அது எரிகிறது. அதனருகே ஓர் எண், நானூற்றுச் சொச்சம். நாளொன்றுக்கு ஒரு பாடம் முடித்தால் எண் ஒன்று கூடும். நடுச்சாமம் தாண்டியும் முடிக்காவிட்டால் நெருப்பு அணைந்து எண் பூச்சியத்துக்கு வந்துவிடும். தம்பி ஜேர்மன் படிப்பது ஜேர்மனிக்குப் போகவா, இந்த எண்ணைக் கூட்டவா என்று பெற்ற தாய்க்கே இப்போது சந்தேகம்.

செத்த வீடென்றும் விலக்கில்லை. ஒன்றுவிட்ட பெரியப்பா காலமானபோது பிரேதம் நடு வீட்டில் கிடக்கிறது, பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்கிறார்கள், தம்பி பந்தல்காலில் சாய்ந்து தலை குனிந்து நிற்கிறார். பாவம், பெரியப்பாவில் இவ்வளவு பாசமா என்று கிட்டப் போய்த் தோளைத் தொட்டேன். "டிங்" என்றது. சரியான விடைக்கு ஆந்தை அடிக்கிற மணி. பெரியம்மா ஒப்பாரியை நிறுத்தி, "ஆருக்கு மனே கோல் வருகுது?" என்று கேட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். வெளியே கூட்டிக்கொண்டு போய் ஏசினேன். தம்பிக்குக் கோபம் வரவில்லை. "சவம் எடுக்க நாலு மணியாகும் மாமா. மறுகா சுடலையில சிக்னல் இல்ல" என்றார்.

தேர் அன்றும் இதே கூத்து. எங்கள் தான்தோன்றீஸ்வரர் கோயில் தேரோடும் கோயில் என்று மட்டக்களப்பு முழுக்கப் பேர்பெற்றது. வடம் பிடிக்க வாவிக்கு அங்கால் எழுவான்கரையிலிருந்தும் சனம் வரும். எல்லாரும் இரண்டு கையாலும் இழுக்கத் தம்பி மட்டும் ஒற்றைக் கையால் இழுத்தார். தேர் நின்ற நேரம் பார்த்துக் கோயில் முன்றலில் ஒதுங்கிப் பாடத்தைத் திறந்தார். போன் ஜேர்மன் மொழியில் உரத்து ஏதோ சொன்னது. பக்கத்தில் கற்பூரச் சட்டியோடு நின்ற கிழவி, "என்ன மனே சொல்லுது?" என்றாள். குதிரை அப்பிள் தின்கிறதாம் என்று தம்பி விளக்கினார். பறங்கியர் வந்தபோது கல் நந்தி எழும்பிப் புல்லுத் தின்றது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்த ஊர் இது. கிழவி அசரவில்லை. "எங்கட கல்லு மாடே புல்லுத் திண்டது. உசிருள்ள குதிர அப்பிள் திண்டா அது ஒரு புதினமா?"

கலியாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம், கரண்ட் போய்ச் சார்ஜ் இல்லாத நேரம், மழைக்குச் சிக்னல் செத்துக் குளக்கட்டில் ஏறி நின்ற நேரம் எல்லாம் சொல்லப் போனால் பக்கம் போதாது. அவ்வளவு பக்தி. ஒரு நாள் தவறினாலும் எண் விழாமல் காக்க ஆந்தையிடம் ஓர் ஏற்பாடு உண்டு. பாடம் செய்து சேர்த்த மணிகளைக் கொடுத்து வாங்கலாம். தம்பி வீட்டில் அரிசி முடிந்திருக்கும், அது மட்டும் எப்போதும் இருப்பில் இருக்கும்.

சரி, நானூறு நாள் படித்தவர் நாலு வசனம் கதைக்க வேண்டாமா? அங்கேதான் விசயம் இருக்கிறது. பாடத்துக்கு நடுவே ஆந்தை ஒரு வசனத்தைக் காட்டி, வாய் திறந்து சொல் என்று கேட்கும். ஆளுக்குப் பேச வசதியில்லாத இடமென்றால் அழுத்துவதற்குக் கீழே ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்: இப்போது பேச முடியாது. பஸ்ஸில் போகிறவர்களுக்கும் பிள்ளை நித்திரையான வீட்டுக்காரருக்கும் வைத்த பொத்தான் அது. தம்பி முதல் நாளிலிருந்து அதைத்தான் அழுத்துகிறார். தனியே வட்டைக்குள் நிற்கிறார், சுற்றிவர ஒரு கொக்குத்தான் நிற்கிறது. அப்போதும் இப்போது பேச முடியாது. அழுத்தினால் அந்தக் கேள்வி விலகிப் போகும், நெருப்பு எரியும், ஆந்தை சிரிக்கும். இப்படி ஒரு முழு மொழியையும் வாய் திறக்காமலே படித்து வருகிறார்.

கேட்டால் தம்பி ஆந்தையின் வரலாற்றை ஆரம்பித்துவிடுவார். 2012இல் இதை எல்லாருக்கும் திறந்துவிட்டவர்களில் ஒருவர் லூயிஸ் வொன் ஆன், குவாத்தமாலா நாட்டுக்காரர். நாம் இயந்திரம் இல்லை, மனிதர்தான் என்று காட்டுவதற்குக் கோணல் எழுத்துகளைப் பார்த்து அடிக்கச் சொல்வார்களே, அந்தச் சோதனையை உருவாக்கியவர்களிலும் அவர் ஒருவர். அந்தச் சோதனையில் தம்பி தேறுவாரா என்று எனக்கு ஐமிச்சம். கிழமைக்குக் கிழமை முன்பின் தெரியாத ஆட்களோடு புள்ளிப் போட்டி வேறு. யாரோ ஒரு பிரேசில்காரி தன்னை முந்திவிட்டாள் என்று ஒரு ஞாயிறு முழுக்கச் சாப்பிடவில்லை.

வகுப்புக்குப் போகச் சொல்லியும் பார்த்தோம். முந்தி என்றால் வாவி கடக்கிற பாதைப் படகு ஓடவில்லை என்று ஒரு சாட்டுச் சொல்லலாம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு அந்தச் சாட்டும் செல்லாது. கொரியாவுக்குப் போக நினைக்கிற பெடியன்மார் சோடி சோடியாக மோட்டர் சைக்கிளில் பாலம் தாண்டி வகுப்புக்குப் போகிறார்கள். திரும்பி வரும்போது ஒருவரையொருவர் கொரிய மொழியில் ஏசிக்கொண்டு வருகிறார்கள். தம்பி அவர்களைக் கண்டால் உதட்டைச் சுழிப்பார். "இந்தக் காலத்தில ஆரு மாமா வகுப்புக்குப் போற?"

போன பெரும்போக வெட்டுக்குப் பொலன்னறுவையிலிருந்து மெசின் வந்தது. எங்கள் வயலுக்குள் இறங்கி அரைவாசி வெட்டமுன் பெல்ட் அறுந்து நின்றுவிட்டது. ட்ரைவர் சிங்களவர், தமிழ் ஒரு சொல்லும் இல்லை. வரம்பில் இருந்த படித்த பிள்ளை தம்பி ஒருவர்தான். ட்ரைவர் அவரிடம் வந்து, கையால் வட்டம் போட்டுக் காட்டி என்னவோ கேட்டார். தம்பி போனைப் பார்த்தார். டுவோலிங்கோவில் சிங்களம் இல்லை. ஆகவே தம்பிக்கு அப்படி ஒரு மொழியே இல்லை. கடைசியில் வாடியிலிருந்து சீனித்தம்பியப்பா எழும்பி வந்தார். கையெழுத்துக்குப் பெருவிரல் வைக்கிறவர். இளந்தாரியாய்க் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவின காலத்துச் சிங்களம் அவருடையது. வாயைத் திறந்ததும் ட்ரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சீனித்தம்பியப்பாவும் சேர்ந்து சிரித்தார், சிரித்தபடியே தப்புத் தப்பாகத் தொடர்ந்தார். அரை மணியில் பெல்ட் எந்தக் கடையில் எடுக்கலாம், யார் போவது, காசு யார் கொடுப்பது எல்லாம் பேசி முடிந்தது. தம்பி வரம்பிலேயே இருந்தார். அவருக்கு இன்னும் இரண்டு கேள்வி பாக்கி.

இவ்வளவும் பகிடி என்று விட்டுவிடலாம், தம்பிக்குப் பதிவுத் திருமணம் முடியாமல் இருந்தால். மருமகள் ஜேர்மனியில் இருக்கிறாள். அங்குள்ள மனைவியிடம் குடிபோக விசாக் கேட்பவர்கள், ஆரம்ப நிலை ஜேர்மன், அதாவது ஏ1, தெரியும் என்று புறப்படுமுன்பே காட்ட வேண்டும் என்பது 2007இலிருந்து அங்கே சட்டம், ஒருசிலருக்குத்தான் விலக்கு. சோதனை ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியமில்லை. கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல். நூற்றுக்கு அறுபது போதும். பேசுகிற பகுதிக்கு நாலு பேர் வரை ஒன்றாக இருத்துவார்கள். பேர், வயது, ஊர், தொழில் சொல்ல வேண்டும். பேரை எழுத்தெழுத்தாய்ச் சொல்லச் சொல்வார்கள். பிறகு அட்டையில் உள்ளதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவரிடம் ஒன்று கேட்க வேண்டும். அவர் கேட்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். அங்கே அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை.

தம்பி பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியாமலில்லை. கொழும்பில் போய்ப் படிப்பதென்றால் 300 கிலோமீற்றருக்கு மேல். வகுப்புக்காசு, அறை வாடகை, சாப்பாடு என்று பார்த்தால் படுவான்கரைப் பிள்ளைக்கு ஒரு போகத்து வெள்ளாமை கரைந்துபோகும். ஆந்தை சும்மா படிப்பிக்கிறது. அதோடு, பள்ளிக்கூடத்தில் ஒருநாள் இங்கிலீசு வாசிக்க எழும்பி, ஒரு சொல்லைப் பிழையாய்ச் சொல்லி, வகுப்பே சிரித்ததை அவர் இன்னும் மறக்கவில்லை. ஆந்தை சிரித்தாலும் அது பகிடி பண்ணுகிற சிரிப்பில்லை. பிழை விட்டால் மற்ற ஆளுக்குத் தெரியாமல் திருத்திவிட்டுப் போகிறது. அந்த நிம்மதிக்கு ஆசைப்படுகிற மனிதனை எப்படி வெறுப்பது?

ஆனால் மருமகளையும் நினைக்க வேண்டுமே. காசில்லாத வகுப்பு ஒன்று அவள் கையிலேயே இருக்கிறது. பதினைந்து வருடமாக அங்கே டொச், அதாவது ஜேர்மன், பேசி வேலை செய்கிறவள். தினம் அரை மணி உங்களோடு டொச்சில் கதைக்கிறேன் என்று அவளாகக் கேட்டாள். மாரி காலத்தில் அவள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து போனை எடுக்கிற ஏழேகால், இங்கே பதினொன்றே முக்கால். தம்பி கோலை வெட்டிவிட்டு ஓர் இதயப் படம் அனுப்புவார். அப்போது ஆந்தையின் முறை. ஏன் இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். "அவளுக்கு முன்னால பிழையாக் கதைக்க வெக்கமா இரிக்கி மாமா." கட்டின மனைவியிடம் வெட்கம், காட்டுப் பறவையிடம் வெட்கமில்லை! இரண்டு வருடமாய் அந்தப் பிள்ளை இரண்டு பேருக்கான வீட்டு வாடகையைத் தனியே கட்டிக்கொண்டு இருக்கிறது. தம்பி சோதனைக்கு இன்னும் பேர்கூடக் கொடுக்கவில்லை. எனக்கு இதில் சிரிப்பு வருவது நின்று கனகாலம்.

இப்போது அவளே ஒரு முடிவெடுத்திருக்கிறாள். வருகிற கிழமையிலிருந்து டொச்சில் மட்டும்தான் கதைப்பாளாம். தமிழில் பதில் வந்தால் வைத்துவிடுவாளாம். நல்ல காரியம் மகள் என்று நானும் சொன்னேன். தம்பி இரண்டு நாள் முகம் வாடித் திரிந்தார். மூன்றாம் நாள் பின்னேரம் வந்து, திண்ணையில் குந்தி, மெதுவாய்க் கேட்டார்:

"மாமா, அவள் என்னென்ன கேப்பாள் எண்டு முதலே தெரிஞ்சுக்க ஏதும் ஆப் இரிக்கா?"